ரோதைமுனியும் பதுளைக்கு வந்த ஆயரும்

பதுளைப் பக்கம் மாற்றம் கிடைத்தால் அதைத் தண்டனை என்று நினைக்கிற உத்தியோகத்தர்களை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். வந்த அன்றைக்கே திரும்பிப் போக யாரைப் பிடிக்கலாம் என்று விசாரிப்பார்கள். இது அதற்கு நேர்மாறான ஒரு கதை.

1972 டிசம்பர் 18ஆம் திகதி, கண்டி கத்தோலிக்க மறைமாவட்டத்திலிருந்து ஊவாவைப் பிரித்து பதுளை மறைமாவட்டம் என்று ஒன்றை உருவாக்கினார்கள். கண்டியில் 1959 முதல் ஆயராக இருந்தவர் லியோ நாணயக்கார, பெனடிக்ட் சபைத் துறவி. கண்டி என்றால் பேராலயம், பேர்பெற்ற பாடசாலைகள், அம்பிட்டியவில் தேசிய குருமடம். பதுளை என்றால் மலைகளும் லயங்களும் மொனராகலைக் காடும். கத்தோலிக்கர் ஒரு கைப்பிடிதான், அதிலும் பெரும்பங்கு தோட்டத் தமிழர். பிரித்த பிறகு ஆயர் கண்டியை இன்னொருவருக்கு விட்டுவிட்டு, புதிய ஏழை மறைமாவட்டத்தைத் தானே விரும்பி எடுத்துக்கொண்டார். 1982இல் சாகும்வரை பதுளை ஆயராகவே இருந்தார்.

எங்களில் பாதிப்பேருக்கு மேல் கத்தோலிக்கர் இல்லை. ஸ்பிரிங்வெளி லயங்களில் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்து வளர்ந்த பிள்ளைகள். பிறகு ஏன் ஒரு ஆயரைப் பற்றி எழுதுகிறோம் என்றால், அன்றாட வாழ்க்கையில் நம்பிக்கை எங்கே கிடைக்கும் என்ற கேள்வி இப்போது எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சண்டையாக நடக்கிறது. அந்தச் சண்டைக்கு இந்த ஊரிலேயே ஒரு பழைய பதில் இருந்தது. அதைப் பற்றி எங்கள் பாடப்புத்தகம் எதுவும் சொன்னதில்லை.

முதல்ல அந்தக் காலத்தைக் கொஞ்சம் பார்க்கணும். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம்ம ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்குபோட்டார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். மனிதரை மூட்டைக் கணக்கில் பேசிய ஒப்பந்தம் அது. 1972இல் காணிச் சீர்திருத்தம், 1975இல் கம்பெனித் தோட்டங்களும் அரசுடைமை. நடுவில், 1973–74இல் பஞ்சம். அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் சனம் செத்தது. "மாவுப் பஞ்சம்" என்று எங்கள் அப்பாயிமார் இன்றைக்கும் சொல்கிற காலம் அதுதான். ஆயர் லியோ பதுளைக்கு வந்து இறங்கியது இதற்கு நடுவில். அவருடைய மந்தையில் பெரும்பாலானோருக்கு வாக்குச்சீட்டுக் கிடையாது, காணி கிடையாது, அடுத்த வருசம் எந்த நாட்டில் இருப்போம் என்பதும் தெரியாது. இப்படிப்பட்ட சனத்திடம் போய், பொறுத்திருங்கள், மோட்சத்தில் எல்லாம் சரியாகும் என்று சொல்வது ரொம்ப லேசு. பல மதங்களும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

வேறு மாதிரிச் சொன்ன ஒரு மரபு உண்டு. அதைத் தாராளவாத சமயம் என்று சொல்லலாம். சொல் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கு, விசயம் எளிது. கடவுள் எங்கள் கோயிலுக்குள் மட்டும்தான் என்று அடம்பிடிக்காத சமயம் அது. மனச்சாட்சிக்கும் அறிவுக்கும் இடம் கொடுக்கும். மறுமையைவிட இந்த வாழ்க்கையைப் பார்க்கும். இது வெள்ளைக்காரச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னைப் புரசைவாக்கத்தில் வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர், எந்த மிசனரியும் வந்து சொல்லாமல், திரித்துவத்தை ஏற்காத ஒரு யூனிடேரியன் சபையை நடத்தினார். வள்ளலார் 1867இல் வடலூரில் தருமசாலையைத் திறந்து அடுப்பை மூட்டினார். சாதி, மதம் கேட்காமல் சோறு போடும் அந்த அடுப்பு இன்னும் அணையவில்லை. கத்தோலிக்கத் திருச்சபைக்கு இந்தக் காற்று அடித்தது 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில். மற்ற மதங்களில் உண்மையும் புனிதமுமாக உள்ள எதையும் திருச்சபை ஒதுக்கித் தள்ளவில்லை என்று 1965இல் ஒரு அறிக்கை வந்தது. பல நாடுகளில் அது புத்தக அலுமாரியோடு நின்றது. ஊவாவில் சிலர் அதை உள்ளபடி நம்பி நடந்து பார்த்தார்கள்.

ஆயர் லியோ செய்ததில் எங்களுக்கு முக்கியமாகப் படுவது சேவக–சேவிகா இயக்கம். குருவானவர் போதாது, குரு வராத இடங்களில் சனத்தோடு சனமாக இருக்கிற ஆண்களும் பெண்களும் வேண்டும் என்று, பொதுநிலையினரைப் பண்டாரவளையில் பயிற்றுவித்து கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் அனுப்பினார்கள். பெயரைக் கவனியுங்கள்: சேவகர், சேவிகா. ஊழியக்காரர் என்று பொருள். தோட்டத்தில் அந்த நாளில் பெரிய தொரை, சின்ன தொரை, பெரிய கங்காணி, கணக்குப்பிள்ளை என்று ஆளைக் கூப்பிடும் பெயரே ஏணிப்படியாக இருந்தது. அங்கே வேலைக்காரன் என்பதையே ஒரு சமயப் பட்டமாக வைத்தால், லயத்தில் இருக்கிறவருக்கு ஒரு விசயம் சொல்லாமலே விளங்கும்.

அந்தப் பண்டாரவளைப் பயிற்சி இல்லத்தை நடத்தியவர்களில் ஒருவர்தான் பாதர் மைக்கல் ரொட்றிகோ. அமலமரித் தியாகிகள் சபைக்காரர். றோமில் ஒன்று, பாரிசில் ஒன்று என இரண்டு கலாநிதிப் பட்டங்கள். அம்பிட்டிய குருமடத்தில் விரிவுரையாளர். இவ்வளவு படித்த ஒருவர் 1980இல், 53 வயதில், புத்தளவுக்குப் பக்கத்தில் அலுகலவித்த என்ற சிங்கள பௌத்தக் கிராமத்தில் போய்க் குடியேறினார். (மேற்குக் கரைப் புத்தளம் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம், இது மொனராகலை மாவட்டத்துப் புத்தள.) அந்த வீட்டின் பெயர் சுபசெத் கெதர. நல்வாழ்த்தின் வீடு என்று சொல்லலாம். கூட இரண்டு அருட்சகோதரிகள்.

அந்த ஊர்க்காரர்கள் கைதட்டி வரவேற்கவில்லை. மதம் மாற்ற வந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டார்கள். சந்தேகத்துக்கு வரலாறு இருந்தது. அந்தப் பிரதேசத்தின் பழைய பெயர் வெல்லஸ்ஸ, இலட்சம் வயல்கள் என்று அர்த்தம். 1817–18 ஊவா–வெல்லஸ்ஸ எழுச்சியை அடக்கிய பிரித்தானியர் வயலையும் குளத்தையும் வீட்டையும் அழித்தார்கள். சிலுவையும் துப்பாக்கியும் ஒரே கப்பலில் வந்தவை என்பது அந்தச் சனத்துக்குப் புத்தகப் படிப்பு கிடையாது, வறண்டு கிடந்த வயலைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. மைக்கல் ரொட்றிகோ இதை மறுக்கவில்லை. கிறிஸ்தவன் இங்கே கற்பிக்க வரவில்லை, கேட்க வந்திருக்கிறான் என்ற நிலையில்தான் அவர் அங்கே இருந்தார். யாரையும் ஞானஸ்நானத்துக்குக் கூப்பிடவில்லை. மூலிகை வைத்தியம், இளைஞர்களுக்கு வகுப்பு, விவசாயிகளின் காணிப் பிரச்சினை, விகாரையின் பிக்குமாரோடு பேச்சு. எண்பதுகளில் அந்தப் பக்கம் பெரிய கரும்புத் தோட்டங்களும் சீனி ஆலையும் வந்தபோது, சின்னச் சின்ன விவசாயி நிலத்தை இழப்பதைப் பற்றி எழுதினார்.

1987 நவம்பர் 10ஆம் திகதி மாலை, அந்த வீட்டில் அவர் பூசை வைத்துக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொன்றார்கள். ஊவாக் கிராமங்களில் கிளர்ச்சியும் அதை அடக்கும் படையும் சேர்ந்து பயத்தை விதைத்துக்கொண்டிருந்த காலம் அது. இளைஞர்களோடு உட்கார்ந்து பேசுவதே அந்தக் காலத்தில் சந்தேகத்துக்குப் போதுமானது.

இந்தக் கதையை முதன்முதல் படித்த அன்றைக்கு நாங்கள் கன நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எங்களில் ஒருத்தி கேட்டாள்: "சரிடா, இதுல லயம் எங்க இருக்கு?"

நியாயமான கேள்வி. இலங்கையின் தாராளவாதக் கிறிஸ்தவத்தின் பெரிய பெயர்களை எடுங்கள். கொழும்பில் 1971இல் சமூக–சமய மையத்தைத் தொடங்கிய பாதர் திஸ்ஸ பாலசூரிய, 1974இல் களனிப் பக்கம் துலானாவைத் தொடங்கிய பாதர் அலோசியஸ் பீரிஸ், இப்பாகமுவவில் தேவசரணத்தை நிறுவிய அங்கிலிக்கன் துறவி யோஹான் தேவானந்த. மதிக்க வேண்டியவர்கள்தான். ஆனால் அவர்களுடைய உரையாடல் பெரும்பாலும் பௌத்தத்தோடும் சிங்களக் கிராமத்தோடும். எழுத்தில் பெரும்பகுதி ஆங்கிலத்தில். எங்கள் மாரியம்மாவோடும் முனியாண்டியோடும் உட்கார்ந்து பேசியவர் குறைவு. பௌத்தம் என்றால் தத்துவம், நம்ம சாமி என்றால் மூடநம்பிக்கை என்ற ஒரு பார்வை முற்போக்குக்காரர்களிடமும் ஒட்டிக்கொண்டிருந்ததாகவே எங்களுக்குப் படுகிறது.

விதிவிலக்கு உண்டு. கண்டியில் 1972இல் சத்தியோதயத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு பாதர் போல் கஸ்பர்ஸ். சிங்களவரும் தமிழரும், பல மதத்தவரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்ய வேண்டும் என்று தொடங்கிய இல்லம் அது. தோட்டத் தொழிலாளரின் சம்பளம், குடியிருப்பு, பிரஜாவுரிமை என்று 40 வருசத்துக்கு மேல் அவர் பேசிக்கொண்டே இருந்தார், 2017இல் காலமானார். 2003இல் ஒருவழியாக இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தபோது, அதற்காகப் பல்லாண்டாகக் குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

திஸ்ஸ பாலசூரிய எழுபதுகளில் கேட்ட ஒரு கேள்வியும் தோட்டத்துக்கு அப்படியே பொருந்தும். வாரந்தோறும் உலகம் முழுக்க இத்தனை திருப்பலி நடக்கிறதே, ஒரே அப்பத்தைப் பிட்டுத் தின்கிறவர்கள் ஏன் ஒருவரை ஒருவர் சுரண்டிக்கொண்டே இருக்கிறார்கள்? 1997 சனவரியில் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார்கள், காரணம் மரியாளைப் பற்றி எழுதிய புத்தகம். ஒரு வருசத்தில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

இப்போது நம்ம சாமிக்கு வருவோம்.

மலையகத் தோட்டங்களில் ரோதைமுனி என்று ஒரு சாமி உண்டு. ரோதை என்றால் சக்கரம், போர்த்துக்கேயச் சொல். தேயிலை ஸ்டோரில் ஓடும் மெசினின் பெரிய சக்கரத்தைக் காக்கிற முனி அவர். தமிழ்நாட்டிலிருந்து வந்தபோது நம்ம ஆட்கள் மாரியையும் முனியையும் மாடசாமியையும் கொண்டுவந்தார்கள், இந்தச் சாமியை மட்டும் இங்கே வந்துதான் கண்டுபிடித்தார்கள். கை சிக்கினால் கை போய்விடும் இயந்திரம். அதன் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கிறவனுக்கு ஒரு துணை வேண்டியிருந்தது. கவ்வாத்துக்கும் அப்படித்தான். கவ்வாத்துச்சாமி என்று கும்பிட்டு, கத்தியை வைத்துப் படைத்துவிட்டுத்தான் வெட்டத் தொடங்குவார்கள். கொழுந்து எடுக்கத் தொடங்கும்போது "பொலி பொலி" என்று சொல்லி முதல் கொழுந்தைக் கூடையில் போடுகிற வழக்கம் எங்கள் ஆத்தாமாருக்கு இருந்தது. வயலில் நெல் பொலிய வேண்டும் என்று சொன்ன அதே சொல். விளைச்சல் கம்பெனிக்குத்தான் போகும் என்று தெரிந்தும் சொன்னார்கள். அதை அடிமைப்புத்தி என்று சிலர் சொல்லலாம். எங்களுக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. தன் கை செய்கிற வேலை வெறும் கூலிக்கணக்கு என்று ஒப்புக்கொள்ள மறுத்த சனம் அது.

வேலையிலும் சோற்றிலும் கடவுளைத் தேடு என்று இறையியலாளர்கள் எழுபதுகளில் எழுதினார்கள். அதற்கு எவ்வளவோ முன்னமே, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சாமியை மெசின் சக்கரத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். இந்தச் சமயத்துக்கு வேதப்புத்தகம் கிடையாது, பெரும்பாலும் ஐயரும் கிடையாது. பூசாரி காலையில் பெரட்டுக்குப் போகிற ஆள், சாயங்காலம் சாமியாடுகிற ஆள். கிறிஸ்மசுக்குப் பக்கத்துக் காம்பிராவில் கேக் சாப்பிட்டுவிட்டு, தைப்பொங்கலுக்கு அவர்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுப்பதில் ஒரு சங்கடமும் இல்லை. ஆடியில் கதிர்காமம் போனால் சிங்களவரோடு ஒரே வரிசையில் நிற்பார்கள். யாரும் இதற்குப் பல்சமய உரையாடல் என்று பெயர் வைக்கவில்லை.

அதற்காக இதைத் தூக்கித் தலையில் வைக்கவும் கூடாது. தோட்டத்துத் திருவிழாவில் முதல் மரியாதை கங்காணிக்குத்தான். யார் கரகம் எடுக்கலாம், யார் கோயிலுக்குள் எதுவரை வரலாம் என்பதில் சாதி அப்பட்டமாக இருந்தது. பெண்கள் கொழுந்து எடுத்த காசில் திருவிழா நடக்கும், கமிட்டியில் ஒரு பெண்ணும் இருக்கமாட்டார். ஆயர் லியோவின் இயக்கம் சேவகரையும் சேவிகாவையும் ஒரே பெயரில் சேர்த்து அழைத்ததை நினைத்தால், நம்ம கோயில் கமிட்டிகள் 50 வருசம் பின்னால் நிற்கின்றன. சொன்னால் பெரியப்பாமார் கோபிப்பார்கள். பரவாயில்லை.

ஆரம்பத்தில் வீட்டுச் சண்டை என்று சொன்னோமே, அது இதுதான். இன்றைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் இழுக்கிறார்கள். ஒரு பக்கம், மரத்தடி முனியையும் மாடசாமியையும் ஓரங்கட்டி, கோபுரம் கட்டி, சமஸ்கிருத மந்திரம் சொல்லிக் கும்பாபிசேகம் செய்தால்தான் நாம் மரியாதைக்குரிய இந்துக்கள் என்கிறார்கள். சேவல் அறுத்த கல் இருந்த இடத்தில் நவக்கிரகம் வருகிறது, பூசாரித் தாத்தா வெளியே நிற்கிறார். மறுபக்கம் புதுப்புது ஜெபக்கூட்டங்கள். அந்தச் சாமி பிசாசு, விபூதியைத் துடை, பொங்கலைத் தொடாதே. ஒரே லயத்தில், ஒரே சுவரைப் பங்குபோடும் இரண்டு காம்பிராக்கள் தட்டு மாற்றிக்கொள்வதை நிறுத்திவிட்டதை நாங்களே பார்க்கிறோம்.

ஜெபக்கூட்டத்துக்குப் போகிற சின்னம்மாவைக் குறைசொல்வது லேசு. எங்களில் சிலரும் அப்படிக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தவர்கள்தான். ஏன் போறீங்க என்று மரியாதையாக உட்கார்ந்து கேட்டபோது ஒருவர் சொன்னார்: "அங்க என் பேரைச் சொல்லி ஜெபம் பண்றாங்க. இவர் குடிக்கிறத நிப்பாட்டணும்னு எனக்காக அழுவுறாங்க." கோயிலில் அவர் பேரைச் சொல்ல அர்ச்சனைச் சீட்டு எடுக்க வேண்டும். ஆகவே தாராளவாதம் பேசுகிற எங்களுக்குக் கஷ்டமான இடம் இதுதான். எல்லா மதமும் நல்லதுதான் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அந்தச் சின்னம்மாவுக்கு அதில் ஒரு ஆறுதலும் கிடையாது. சேவக–சேவிகா இயக்கமும் சுபசெத் கெதரவும் அப்படிச் சும்மா சொல்லிவிட்டுப் போகவில்லை. மருந்து அரைத்தார்கள், வருசக்கணக்காகப் பக்கத்திலேயே இருந்தார்கள். அடுத்தவருடைய சாமியை வையாமலே அவருடைய கஷ்டத்துக்குள் இறங்க முடியும் என்று காட்டினார்கள். தாராளவாத சமயம் என்றால் எங்களுக்கு இப்போது விளங்குவது அவ்வளவுதான்.

இதனால் என்ன நடந்துவிட்டது என்று கேட்பீர்கள். 1977, 1981, 1983 கலவரங்கள் நடந்தன. 83 யூலையில் பதுளை டவுனில் தமிழ்க் கடைகள் எரிந்தன. சேவகர்களும் சேவிகாக்களும் பயிற்சி பெற்ற அதே பண்டாரவளைக்குப் பக்கத்தில், பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், 2000 ஒக்டோபர் 25 காலையில் கூட்டமாக வந்து 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றார்கள். எந்த நல்லிணக்க வழிபாடும் அதைத் தடுக்கவில்லை. இதை மறைத்துவிட்டு நம்பிக்கை பற்றி எழுதினால் அது பொய்.

ஆனாலும் ஒரு விசயம். வெல்லஸ்ஸவின் வயலை அழித்த அதே ஆட்சிதான் 1840இல் முடிக்குரிய காணிச் சட்டம் போட்டு மலைக்காட்டைக் கம்பெனிகளுக்கு விற்று, நமுனுகுல மலைச்சரிவில் நம்ம பூட்டனைக் கொண்டுவந்து நிறுத்தியது. கிராமத்துச் சிங்களவனும் லயத்துத் தமிழனும் ஒரே ஆட்சியிடம் அடிவாங்கி ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். அலுகலவித்தவில் மைக்கல் ரொட்றிகோ கேட்டுக்கொண்டிருந்தது இந்தக் கதையின் ஒரு பாதி. மற்றப் பாதி லயத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்துக் கேட்க, சிங்களமும் தமிழும் தெரிந்த எங்கள் வயதுக்காரர்கள் இன்றைக்குப் பதுளையில் எத்தனையோ பேர் இருக்கிறோம்.

எங்கள் குழு இந்தப் பருவ விடுமுறையில் ஒரு வேலை வைத்திருக்கிறது. எழுபதுகளில் பண்டாரவளையில் பயிற்சி பெற்றுத் தோட்டங்களுக்குப் போன சேவிகாக்கள் இப்போது எழுபது வயதைத் தாண்டியிருப்பார்கள். ரோதைமுனிக்குப் படைத்த பூசாரிமாரும் அதே வயதுதான். உங்கள் லயத்தில் அப்படி யாராவது இருந்தால் சொல்லுங்கள். ரெக்கோடர் எங்களிடம் இருக்கு. பஸ் காசுதான் கொஞ்சம் இடிக்குது.